கதிர்வீச்சுக் குறைந்த கருவிகளைக் கேட்டு வாங்க முடியுமா? முதலாம் குறுக்குத் தெருவில் எழுந்த ஒரு கேள்வி

கடற்கரைவீதி (இழையைத் தொடங்கியவர்) | ஞாயிறு, இரவு 8.15

எல்லோருக்கும் வணக்கம். நேற்றுப் பின்னேரம் மூத்த மகளுக்குக் கைபேசி வாங்குவதற்காக வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போயிருந்தோம். இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிற பிள்ளை. ரியூசன் வகுப்புகளில் பாதி சூமில் நடப்பதால், ஒரு நாளைக்கு நான்கைந்து மணித்தியாலம் அந்தக் கருவி அவளுடைய கையிலும் மடியிலும்தான் இருக்கும். ஆகவே விலையையும் கமராவையும் விசாரித்து முடித்த பிறகு, எடுத்து வைத்திருந்த இரண்டு மொடல்களையும் காட்டி, "தம்பி, இந்த இரண்டில் எதற்குக் கதிர்வீச்சு அளவு குறைவு?" என்று கேட்டேன்.

அந்தத் தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, கண்ணாடி அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து பொன் நிறத்தில் ஒரு சிறிய ஸ்டிக்கரை எடுத்து மேசையில் வைத்தார். அதைக் கைபேசியின் பின்பக்கத்தில் ஒட்டினால் கதிர்வீச்சு முழுவதும் தடைப்பட்டுவிடும் என்றும் விலை 300 ரூபாதான் என்றும் சொன்னார். நான் ஸ்டிக்கரை ஒதுக்கிவிட்டுப் பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பெட்டியின் அடியில், ஒவ்வொரு கைபேசிக்கும் தனித்தனியாக உள்ள ஐ.எம்.இ.ஐ. இலக்கத்துக்குக் கீழே, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கிட்டப் பிடித்தால் மட்டுமே தெரிகிற எழுத்தில், எஸ்.ஏ.ஆர். அளவு (உடல் உறிஞ்சும் கதிர்வீச்சின் அளவு) கிலோகிராமுக்கு 0.98 வாட் என்று இருந்தது. மற்றப் பெட்டியில் ஒன்றுமே இல்லை. கடையில் இருந்த மூன்று பேருக்கும் அந்த இலக்கம் எதைக் குறிக்கிறது என்று தெரியவில்லை. ஒன்றும் வாங்காமலே திரும்பி வந்தோம்.

இந்தத் துறையை அறிந்தவர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். கொழும்பில் நாங்கள் நாலு பேர் கேட்பதால், எங்கோ இருக்கிற உற்பத்தியாளர் தம் பொருளை மாற்றுவாரா? அப்படி எப்போதாவது நடந்திருக்கிறதா?

பழைய_அச்சகம் | ஞாயிறு, இரவு 9.50

தம்பி, நடந்திருக்கிறது. அதன் அடையாளத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்த காலத்தில் அது என்னவென்று எனக்குத் தெரியாது என்பதுதான் வருத்தம்.

1990களில் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் கணினித் தட்டெழுத்து வேலை செய்தேன். அப்போது இருந்தவையெல்லாம் பெரிய குழாய்த் திரைகள். கண்ணாடியைப் புறங்கையால் துடைத்தால் மயிர் சிலிர்த்துக்கொண்டு எழும்பும், சடசடவென்று பொரியும். ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனாலும் மறுநாள் பின்னேரத்துக்குள் கரும்படலமாகத் தூசி அப்பிக்கிடக்கும். கூட வேலை செய்த ஒரு பிள்ளை கர்ப்பமாக இருந்தபோது, திரைக்கு முன்னால் இருக்கப் பயமாக இருக்கிறது என்று சொல்லி, மெய்ப்புத் திருத்தும் மேசைக்கு மாற்றித் தரும்படி கேட்டாள். முதலாளி மாற்றிக் கொடுத்தார். எங்களால் கேட்கக்கூடியதாக இருந்தது அவ்வளவுதான்.

பிறகு புதிதாக வந்த திரைகளில், முன்பக்கச் சட்டத்தின் மூலையில் டி.சி.ஓ. என்று ஒரு சின்ன முத்திரை ஒட்டியிருந்தது. அவற்றில் அந்தச் சடசடப்பு இல்லை, தூசியும் அவ்வளவு ஒட்டவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த முத்திரையின் கதையை வாசித்தேன். டி.சி.ஓ. என்பது கருவி செய்கிற கொம்பனியும் அல்ல, அரசாங்கத் திணைக்களமும் அல்ல. அது சுவீடனில் அலுவலகங்களில் வேலை செய்பவர்களுடைய தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு. நாள் முழுவதும் திரைக்கு முன்னால் இருந்த அதன் அங்கத்தவர்கள், எங்களிடம் இருந்த அதே பயத்தைத்தான் தங்கள் சங்கத்திடம் கொண்டுபோனார்கள். சங்கம் அந்தப் பயத்தை ஓர் இலக்கமாக மாற்றியது. அங்கே 1990இல் எம்.பி.ஆர். 2 என்ற அளவுகோல் வந்திருந்தது. அதன்படி திரையிலிருந்து 50 சென்ரிமீற்றர் தூரத்தில், தாழ் அதிர்வெண் காந்தப்புலம் 250 நனோரெஸ்லாவைத் தாண்டக்கூடாது. சங்கமோ 30 சென்ரிமீற்றரில் அளக்க வேண்டும், அங்கே 200ஐத் தாண்டக்கூடாது என்று அதை இறுக்கி, 1992இல் தன் முத்திரையை வெளியிட்டது. தொடர்ந்து 95இலும் 99இலும் புதிய பதிப்புகள் வந்தன.

சங்க அங்கத்தவர்கள் தங்கள் தொழில்தருநரிடம் போய், முத்திரை இல்லாத திரையை வாங்காதீர்கள் என்றார்கள். திரைகளை நூற்றுக்கணக்கில் வாங்குகிறவர் தொழில்தருநர் அல்லவா? அந்தக் காலத்தில் சுவீடனின் சனத்தொகை 90 இலட்சத்தைக்கூட எட்டவில்லை, நம்முடைய நாட்டின் சனத்தொகையில் அது பாதி. ஆனாலும் ஜப்பானிலும் தைவானிலும் கொரியாவிலும் இருந்த தொழிற்சாலைகளுக்கு, சுவீடனுக்கு ஒரு திரை மற்ற நாடுகளுக்கு வேறொரு திரை என்று செய்வது கட்டுப்படியாகவில்லை. கண்ணாடிக்கு மின்கடத்தும் பூச்சுப் பூசி அதைப் புவித்தொடுப்புச் செய்தார்கள், காந்தப்புலத்தைச் சமன் செய்வதற்கு மேலதிகச் சுருள் வைத்தார்கள். எல்லாத் திரையையும் அப்படியே செய்து எல்லா நாட்டுக்கும் அனுப்பினார்கள். கொட்டாஞ்சேனையில் இருந்த எங்களுக்கு அது கேளாமலே கிடைத்தது.

ஆதாரம்_எங்கே | திங்கள், காலை 7.20

ஐயா சொன்ன வரலாற்றை மதிக்கிறேன். இருந்தாலும் ஒரு கேள்வி. அந்தத் திரைகளால் கெடுதி உண்டாகிறது என்று நிரூபிக்கப்பட்டிருந்ததா? கர்ப்பம் கலைவதற்கும் கணினித் திரைக்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனம் தொலைபேசி இயக்குநர்களாக இருந்த பெண்களிடையே ஆராய்ந்து, 1991இல் தொடர்பு காணப்படவில்லை என்று வெளியிட்டது. ஆதாரம் இல்லாத பயத்துக்காகக் கருவிகளை மாற்றச் சொல்வது நியாயம்தானா? அதே பயத்தை வைத்துத்தானே அந்த 300 ரூபா ஸ்டிக்கரும் விலைப்படுகிறது?

அலைவரிசை | திங்கள், பகல் 12.40

நான் தொலைத்தொடர்புப் பொறியியலாளன். கேள்வி சரியானது. ஆனால் கதிர்வீச்சு என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு விடயங்கள் கலந்துவிட்டன. அவற்றை முதலில் பிரித்துக்கொள்வோம்.

கெடுதி ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்த உதாரணமும் உண்டு. 1967இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் பெரிய வர்ணத் தொலைக்காட்சிகள் பலவற்றிலிருந்து அளவுக்கு மேல் எக்ஸ்-கதிர் வெளியாகிறது என்பது தெரியவந்தது. உள்ளே இருந்த உயர் மின்னழுத்தக் குழாய்களில் சரியான மறைப்பு இல்லாததே காரணம். எக்ஸ்-கதிர் உயிரணுவைச் சிதைக்கக்கூடிய, அயனாக்கும் வகையைச் சேர்ந்தது. மக்களிடையே எழுந்த கலக்கம் அடுத்த வருடமே, 1968இல், இலத்திரனியல் கருவிகளின் கதிர்வீச்சைக் கட்டுப்படுத்தும் சட்டமாக மாறியது. மைக்ரோவேவ் அடுப்புக்கு 1971இல் வந்த அளவுகோல் அந்தச் சட்டத்தின் வழி வந்ததுதான். மேற்பரப்பிலிருந்து 5 சென்ரிமீற்றரில், விற்பனைக்கு முன் சதுர சென்ரிமீற்றருக்கு 1 மில்லிவாட்டையும், அடுப்பின் ஆயுள் முழுவதும் 5 மில்லிவாட்டையும் கசிவு தாண்டக்கூடாது. அதோடும் விடாமல், அங்குள்ள நுகர்வோர் சங்கம் 1973இல் தான் சோதித்த அடுப்புகளில் ஒன்றைக்கூடப் பரிந்துரைக்க மறுத்தது. இன்று வீட்டில் இருக்கிற அடுப்பின் கதவைக் கிட்ட நின்று பாருங்கள். கண்ணாடிக்குள் துளையிட்ட உலோகத் தகடு தெரியும். துளை ஒரு மில்லிமீற்றர் அளவு, அலையின் நீளமோ 12 சென்ரிமீற்றர். அதனால் வெளிச்சம் வரும், அலை வராது. கதவு சற்றுத் திறந்தாலும் அலையை நிறுத்திவிடுகிற ஆளிகள் பூட்டுக்குள் இருக்கின்றன. (பிணைச்சல் வளைந்து கதவு சரியாக மூடாத அடுப்பைத் தயவுசெய்து எவரும் பாவிக்க வேண்டாம்.)

கைபேசி வேறு வகை. அதன் அலைகள் அயனாக்குவதில்லை. அவற்றால் நிகழ்வதாக உறுதியாகத் தெரிந்த விளைவு திசு சூடாவது மட்டுமே. கட்டுப்பாடுகள் அந்தச் சூட்டுக்கு மிகவும் கீழே வைக்கப்பட்டிருக்கின்றன. நீண்டகால விளைவைப் பற்றி, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011இல் வானொலி அலைகளை "புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியவையாக இருக்கலாம்" என்ற 2பி பிரிவில் சேர்த்தது. ஆதாரம் மட்டுப்பட்டது என்பதே அந்தப் பிரிவின் பொருள். ஆகவே குறைந்த அளவைக் கேட்பது முன்னெச்சரிக்கை. செலவில்லாமல் குறைக்க முடிகிற ஒன்றைக் குறைத்துத் தா என்று கேட்பதற்கு நோய் நிரூபிக்கப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எஸ்.ஏ.ஆர். என்பது உடல் திசு ஒரு கிலோகிராமுக்கு எவ்வளவு சக்தியை உறிஞ்சுகிறது என்ற வீதம். அமெரிக்காவில் எல்லை 1.6 வாட், அதை 1 கிராம் திசுவின் சராசரியாகக் கணக்கிடுவார்கள். இந்தியாவும் 2012 செப்டெம்பரிலிருந்து அதையே பின்பற்றுகிறது. ஐரோப்பாவில் தலைக்கும் உடலுக்கும் 2 வாட், ஆனால் அது 10 கிராமின் சராசரி. கடற்கரைவீதி அண்ணா, நீங்கள் கண்ட 0.98 எந்த முறைப்படி எடுத்தது என்று தெரியாமல் இன்னொரு இலக்கத்தோடு அதை ஒப்பிட முடியாது. அத்துடன் அந்த அளவு கருவி தன் முழுப் பலத்தோடு அலையை அனுப்பும்போது எடுத்தது. கோபுரம் கிட்ட இருந்தால் கைபேசி தன் பலத்தை எவ்வளவோ குறைத்துக்கொள்ளும். நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்திலும் லிப்டுக்குள்ளும் கூட்டிக்கொள்ளும். இதே காரணத்தால், ஸ்டிக்கர் உண்மையிலேயே அலையைத் தடுக்குமென்றால், கோபுரத்தை எட்டுவதற்காகக் கைபேசி இன்னும் பலமாக அலையை அனுப்பும்.

குறுக்குத்தெரு_வியாபாரி | திங்கள், இரவு 10.30

முதலாம் குறுக்குத் தெருவில் 17 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். அண்ணா போன கடை என்னுடையது அல்ல என்று நினைக்கிறேன், ஆனாலும் அந்த ஸ்டிக்கர் என்னிடமும் இருக்கிறது. மொத்த வியாபாரி கண்ணாடித் தாளோடும் உறையோடும் சேர்த்து அட்டை அட்டையாகத் தருவார். அது வேலை செய்யுமா என்று நான் ஒரு நாளும் விசாரித்ததில்லை. அது என் தவறு என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

வருகிறவர்கள் மின்கலம் எத்தனை மணித்தியாலம் தாங்கும், கமரா எப்படி, உத்தரவாதம் யார் தருகிறார்கள் என்று கேட்பார்கள். எஸ்.ஏ.ஆர். கேட்டவர் இந்த வருடத்தில் எனக்கு ஞாபகத்தில் ஒருவரும் இல்லை. விநியோகஸ்தரின் ஆள் வாரா வாரம் வந்து, சனம் எதைக் கேட்கிறது என்று எங்களிடம் விசாரித்துக் குறித்துக்கொண்டு போவார். அந்தக் குறிப்புப் புத்தகம் மேலிடத்துக்குப் போகிறது. இரட்டை சிம் அட்டையும் பெரிய மின்கலமும் நம்முடைய சந்தைக்கு வந்ததற்குச் சனம் கேட்டதுதான் காரணம். கேட்கப்படாத ஒன்றை அவர் ஏன் குறிக்கப் போகிறார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயணப்பையில் வருகிற கைபேசிகள் விலை குறைவு என்று பலர் வாங்குகிறார்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாத கருவிக்கு எந்த இலக்கத்தை நம்புவது? ஐ.எம்.இ.ஐ. என்று எழுதி, இடைவெளி விட்டு, 15 இலக்கங்களையும் 1909க்குக் குறுந்தகவலாக அனுப்பினால் பதில் வரும். காசு கொடுப்பதற்கு முன் கடை வாசலிலேயே அதைச் செய்யலாம், எந்தக் கடைக்காரரும் கோபிக்க மாட்டார்.

கொள்வனவுப்பிரிவு | செவ்வாய், காலை 9.05

பழைய_அச்சகம் ஐயாவின் பதிவை வாசித்த பிறகு இதை எழுதுகிறேன். கோட்டையில் ஒரு நிறுவனத்தில் கொள்வனவுப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் மாடிகளில் மேசைக்கு மேசை கம்பியில்லாத் தொலைபேசி வைப்பதற்கு இந்த மாதம் விலைமனுக் கோர இருக்கிறோம். டெக்ட் என்ற தொழில்நுட்பத்தில் இயங்குகிற அந்தத் தொலைபேசிகளின் பழைய மொடல்களில், ஒருவரும் பேசாத நேரத்திலும் அடித்தளப் பெட்டி இரவும் பகலும் அலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஜெர்மனியில் பாவனையாளர்கள் இதைச் சுட்டிக்காட்டி, எவரும் பேசாதபோது ஏன் ஓயாமல் அனுப்புகிறது என்று கேட்டார்கள். அங்குள்ள நீலத் தேவதை என்ற சுற்றாடல் முத்திரையும் அதை நிபந்தனையாக எடுத்துக்கொண்டது. உற்பத்தியாளர்கள் எக்கோ முறை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கைப்பிடி பெட்டிக்குக் கிட்ட இருந்தால் பலம் குறையும். முழு எக்கோ முறையில், காத்திருப்பு நேரத்தில் அலை முழுவதும் நின்றுவிடும். பல மொடல்களில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் பெட்டியைத் திறக்கும்போது அணைத்த நிலையில்தான் வரும். அமைப்புப் பட்டியலுக்குள் போய் நாங்கள்தான் இயக்க வேண்டும்.

இதுவரை எங்கள் விபரக்கூற்றில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்கவில்லை. இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை. தனியாள் ஒரு கைபேசி வாங்கும்போது கேட்பதைவிட, நாங்கள் நூறு கருவிக்கு விலைமனு கேட்கும்போது எழுதுகிற ஒரு வரிக்கு விநியோகஸ்தர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கொழும்பில் வங்கிகளும் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் வருடத்துக்கு எத்தனை விலைமனுக்களைக் கோருகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

ஆதாரம்_எங்கே | செவ்வாய், பகல் 1.15

முன்னெச்சரிக்கை பற்றிய விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் முத்திரை இருந்தும் சனம் கேட்காவிட்டால்? நீலத் தேவதை கைபேசிக்கும் இருக்கிறதே, அந்த முத்திரையோடு ஒரு கைபேசியை எவராவது கண்டிருக்கிறீர்களா?

அலைவரிசை | செவ்வாய், மாலை 6.00

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். நீலத் தேவதை 2002இலேயே கைபேசிக்கு 0.6 வாட் என்ற எல்லையை வைத்தது. அந்த எல்லைக்குள் அடங்கும் கைபேசிகள் சந்தையில் நிறைய இருந்தன. இருந்தும் பெரிய உற்பத்தியாளர்கள் முத்திரைக்கு விண்ணப்பிக்கவில்லை. ஒரு மொடலில் முத்திரையை ஒட்டினால், மற்ற மொடல்கள் கெட்டவை என்று தாங்களே சொல்வதுபோல் ஆகிவிடும் என்பது அவர்களுடைய நிலை. முதல் திறன்பேசி அந்த முத்திரையைப் பெற்றது 2016இல், அதுவும் நெதர்லாந்தின் ஃபெயார்போன் என்ற சிறிய கொம்பனியுடையது. சுவீடனில் திரையை மொத்தமாக வாங்குகிற அலுவலகம் இருந்தது. கைபேசியை ஒவ்வொருவரும் தனித்தனியாக, கமராவைப் பார்த்து வாங்குகிறோம். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரம் 2010இல் கடைகளில் எஸ்.ஏ.ஆர். அளவைக் காட்டவேண்டும் என்று கட்டளை போட்டது. கைபேசித் தொழிற்றுறையின் சங்கம் வழக்குப் போட, 2013இல் நகரம் அதைக் கைவிட்டது. பிரான்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே விற்பனை இடத்தில் இலக்கத்தைக் காட்ட வேண்டும் என்பது சட்டம். அலைவரிசை முகவரகம் கடைகளிலிருந்து கருவிகளை எடுத்துத் தானே அளந்தும் பார்க்கிறது. 2023 செப்டெம்பரில் ஐபோன் 12, கையில் பிடித்திருக்கும் நிலையில், கை கால்களுக்கென்று உள்ள 4 வாட் என்ற எல்லையைத் தாண்டி 5.74 காட்டியது என்று சொல்லி அதன் விற்பனையை நிறுத்தினார்கள். மூன்று வருடமாக உலகம் முழுவதும் விற்ற கருவி அது. சில நாட்களுக்குள் ஆப்பிள் பிரான்சுக்கென ஒரு மென்பொருள் திருத்தத்தை வெளியிட ஒத்துக்கொண்டது. அளக்க ஒருவர் இருந்தார், இலக்கத்தை வெளியில் சொன்னார், கருவி திருத்தப்பட்டது.

பழைய_அச்சகம் | செவ்வாய், இரவு 8.45

இலக்கமில்லாத பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் ஒரு சம்பவம் இருக்கிறது. 2021 டிசெம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அதிகார சபை, 5ஜி அலையிலிருந்து காப்பாற்றும் என்று விற்கப்பட்ட பதக்கம், கைவளையம், உறங்கும்போது கட்டுகிற கண்மூடி உட்படப் பத்துப் பொருட்களைச் சோதித்து, அவற்றை அணிய வேண்டாம் என்று எச்சரித்தது. அந்தப் பொருட்களே அயனாக்கும் கதிர்வீச்சை வெளியிட்டுக்கொண்டிருந்தன. ஒரு கைவளையம் சிறுவர்களுக்கென்று விற்கப்பட்டது. கெடுதி நிரூபிக்கப்படாத அலைக்குப் பயந்த தாய்மார், கெடுதி செய்யக்கூடியது என்று தெரிந்த வகைக் கதிரை வாங்கிப் பிள்ளையின் கையில் கட்டியிருக்கிறார்கள். அதை நினைக்க எனக்கு மனம் பதறுகிறது.

நம்முடைய ஸ்டிக்கர் அந்த அளவுக்குக் கொடியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொய்யான பலனைச் சொல்லி விற்பதை, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம் தடை செய்கிறது. 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

கொள்வனவுப்பிரிவு | புதன், மாலை 4.30

விபரக்கூற்றில் சேர்ப்பதற்கு முகாமையாளர் அனுமதித்த வரிகளைக் கீழே தருகிறேன். வேறு அலுவலகங்களில் இருப்பவர்கள் அப்படியே எடுத்துப் பாவிக்கலாம்.

"வழங்கப்படும் தொலைபேசிகள், காத்திருப்பு நேரத்தில் அடித்தளப் பெட்டியின் அலைபரப்பு முற்றாக நிற்கும் வசதியைக் கொண்டிருத்தல் வேண்டும். பொருத்தும்போது அவ்வசதி இயக்கிய நிலையில் ஒப்படைக்கப்படல் வேண்டும். கைப்பிடியின் எஸ்.ஏ.ஆர். அளவும், அது 1 கிராம் சராசரியா 10 கிராம் சராசரியா என்பதும், உற்பத்தியாளரின் ஆவணத்துடன் விலைமனுவில் குறிப்பிடப்படல் வேண்டும்."

முன்னேற்பாடாக மூன்று விநியோகஸ்தர்களிடம் தொலைபேசியில் கேட்டேன். ஒருவர் உடனே ஆம் என்றார். ஒருவர் நான் கேட்பது விளங்கவில்லை என்றார். மூன்றாமவர் வெளிநாட்டு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

கடற்கரைவீதி | வியாழன், இரவு 7.10

கொள்வனவுப்பிரிவு அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி. இன்று வேலை முடிந்து மகளோடு திரும்பவும் போனேன், இந்தத் தடவை குறுக்குத்தெரு_வியாபாரி அண்ணாவின் கடைக்கு. காட்சிக்கு வைத்திருந்த கருவியில் *#07# என்று அழுத்தியதும், பெட்டியில் இல்லாத இலக்கம் திரையில் வந்தது. தலைக்கு ஓர் அளவு, உடலுக்கு ஓர் அளவு. ஐ.எம்.இ.ஐ.யை 1909க்கு அனுப்பி, பதில் வந்த பிறகே காசு கொடுத்தேன். மகள் வகுப்பு நேரத்தில் கைபேசியை மடியில் வைக்காமல் மேசையில் நிறுத்தி வைக்கவும், நீண்ட நேரம் பேசும்போது காதுக்கருவி பாவிக்கவும் தானாகவே ஒத்துக்கொண்டாள். இந்த இழை முழுவதையும் பஸ்ஸில் வரும்போது வாசித்துவிட்டாள்.

குறுக்குத்தெரு_வியாபாரி | வெள்ளி, காலை 10.20

நேற்று அண்ணா போன பிறகு, கடையில் காட்சிக்கு இருக்கிற 11 மொடல்களிலும் அதே போல் அழுத்திப் பார்த்து, வந்த இலக்கத்தை விலைச்சீட்டில் பேனாவால் எழுதினேன். 7 மொடல்களுக்குக் கிடைத்தது. மிச்சம் நாலுக்கும் விநியோகஸ்தரின் ஆளிடம் கேட்டேன், அவர் தன் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். ஸ்டிக்கர் அட்டையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன், மொத்த வியாபாரி வரும்போது திருப்பிக் கொடுப்பேன்.

அலைவரிசை | வெள்ளி, காலை 10.55

அண்ணா, மிக நல்ல வேலை செய்தீர்கள். ஒரே ஒரு திருத்தம்: ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் 1 கிராமா 10 கிராமா என்பதையும் எழுதிவிடுங்கள். இந்தியாவுக்கென்று வந்த பெட்டியும் ஐரோப்பாவுக்கென்று வந்த பெட்டியும் உங்கள் அலுமாரியில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும்.

குறுக்குத்தெரு_வியாபாரி | வெள்ளி, பகல் 12.05

அப்படித்தான் இருக்கின்றன. ஐந்தில் எழுதிவிட்டேன். மற்ற இரண்டின் கைநூலில் எழுத்து மிகவும் சிறியது, மகன் பள்ளிக்கூடத்தால் வந்ததும் வாசித்துச் சொல்லச் சொல்கிறேன்.